மீதமிருந்த மூன்று கருக்கள்

ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை, செய்துகொண்டவர்களிடம் எல்லாரும் கேட்பது செலவையும் வலியையும்தான். எவ்வளவு ஆனது, ஊசி எத்தனை நாள் போட்டார்கள், எந்த டாக்டர் கைராசிக்காரர். குழந்தை பிறந்த பிறகு ஆய்வகத்தில் மிச்சமிருக்கும் கருக்களை என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு ஊசிகளைவிடக் கடினமாக இருந்தது அதுதான். தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு, இதைப் பேச ஒரு ஆள் இல்லாமல் தவிக்கிற பெண்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எங்கள் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நாங்கள் கேட்ட கேள்விகள் நிச்சயம் உதவும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பல குடும்பங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டன. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவருக்கு செம்பனை ஆலையில் மெக்கானிக் வேலை. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஈப்போ கல்லுமலைக்குப் போய் வேண்டிக்கொள்வோம். அப்புறம் ஒரு கட்டத்தில் சிகிச்சைக்குப் போனோம். மகள் பிறந்தாள். மூன்று கருக்கள் மீதமிருந்தன.

ஏன் மீதமாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையே பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊசி போட்டு முட்டைப்பையைத் தூண்டும்போது ஒரே மாதத்தில் பல முட்டைகள் முதிர்கின்றன. எல்லாம் கருவாவதில்லை. கருவானவையும் எல்லாம் ஐந்தாம் நாள் வரை தாங்குவதில்லை. ஐந்தாம் நாள் நிலையை பிளாஸ்டோசிஸ்ட் என்கிறார்கள். நூறு, இருநூறு செல்கள், கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவு. முன்பெல்லாம் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கர்ப்பப்பையில் வைப்பார்கள். இரட்டையும் மும்மையுமாக உண்டாகித் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தானதால், இப்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் வைக்கிறார்கள். மற்றவற்றை உறைய வைத்துவிடுகிறார்கள். ஆக, மிச்சம் இருப்பது சிகிச்சை சரியாகப் போனதன் அடையாளம். இதை முதல் நாளே யாராவது எங்களுக்கு விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுக்கட்டாகப் படிவங்களை நீட்டி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கையெழுத்து வாங்கினார்கள். ஊசி நேரத்தையும் மருந்துப் பையையும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு மிச்சக் கருக்களைப் பற்றிய பக்கம் கண்ணில் பதியவே இல்லை.

மகளுக்கு ஒரு வயது ஆனபோது, கருக்களை உறைநிலையில் வைத்திருப்பதற்கான முதல் கட்டணக் கடிதம் வந்தது. பழைய ஆலைக் குவார்ட்டர்ஸ் விலாசத்துக்கு வந்து, ஆபீஸ் மேசையில் கிடந்து, கிராணி (குமாஸ்தா) கையிலிருந்து என் கணவர் கைக்கு வந்தது. உறையின் மேலே மையத்தின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்தப் பெயரிலேயே இது குழந்தைப்பேறு சிகிச்சை மையம் என்று தெரிந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு கடிதம் நாலு பேர் பார்வையில் படாமல் வீடு வந்து சேராது. அன்றே மையத்துக்குப் போன் செய்து, இனிக் கடிதம் வேண்டாம், கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் தகவல் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டு பேருடைய எண்ணையும் கொடுங்கள். வீடு மாறினால், எண் மாறினால் உடனே தெரிவியுங்கள். தொடர்பு அறுந்து கட்டணமும் நின்றுபோனால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு மையமே கருக்களை அகற்றலாம் என்று எங்கள் படிவத்தில் இருந்தது. உங்கள் படிவத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி (ரிங்கிட்). கட்டினோம். அடுத்த ஆண்டும் கட்டினோம். முடிவெடுக்காமல் பணம் கட்டிக்கொண்டிருப்பது கோழைத்தனம் என்று சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கிற காலத்தில் இந்த மாதிரி முடிவை யாரும் எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சில நூறு வெள்ளி எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது அவகாசம். ஆனால் முடிவில்லாமல் தள்ளிக்கொண்டு போகவும் எனக்கு மனமில்லை. மகள் ஒன்றாம் ஆண்டில் சேர்வதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று இருவரும் ஒரு கெடு வைத்துக்கொண்டோம்.

பேசத் தொடங்கிய முதல் நாளே நின்றுபோனது. கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, அந்த மூன்றையும் என்ன பண்ணலாம்?"

"அதுங்களும் நம்ம பிள்ளைங்கதானே மா. பாப்பா உண்டான அதே நாள்ல உண்டானதுங்க."

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. எனக்கு அவை பிள்ளைகளாகத் தோன்றவில்லை. பிள்ளையாகக்கூடியவை என்றுதான் தோன்றியது. ஒரே பொருளை இரண்டு பேரும் வேறு வேறாகப் பார்க்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. யார் பார்வை சரி என்று வாதாடுவதில் அர்த்தமில்லை என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது. கணவர் மதத்தில் பதில் தேடினார். கோயில் குருக்களிடம் கேட்டார், பெரியப்பாவிடம் கேட்டார். உயிர் எப்போது வந்து சேர்கிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் கிடைத்தது. நம் சமயத்தில் ஒரே அதிகாரபூர்வமான தீர்ப்பு கிடையாது. என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்கத் தோழிக்கு அவள் திருச்சபையின் போதனை தெளிவாக இருக்கிறது: கருவை அழிக்கக் கூடாது, ஐவிஎஃப் முறையையே சபை ஏற்பதில்லை. இந்த நாட்டு முஸ்லிம் தம்பதிகளுக்கும் கணவன் மனைவிக்கு அப்பால் மூன்றாம் நபருக்குக் கொடுக்கவோ வாங்கவோ இடமில்லை. எங்களுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. நாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்களை நகர்த்தியது முதலில் தகவல்தான். மையத்தில் டாக்டரை மட்டும் பார்க்காமல், ஆய்வகத்தில் கருக்களைக் கையாளும் எம்பிரியாலஜிஸ்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். செம்மோர் வழியாக ஈப்போ போகும் பாதை எங்களுக்கு மனப்பாடம். அந்தத் தடவை மருந்துப் பை இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனோம். நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் இவை. எந்த நாளில் உறைய வைத்தீர்கள்? தரம் என்ன? உறைய வைத்த ஒரு குழாயில் ஒரு கருவா, இரண்டா? மரபணுச் சோதனை நடந்ததா? உருக்கினால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு? மையம் இடம் மாறினால், மூடிவிட்டால் இவை எங்கே போகும்?

பதில்கள் பல பயங்களைப் போக்கின. கணவருக்கு இருந்த பெரிய பயம், நாளானால் கெட்டுப்போகுமோ என்பது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் எல்லா வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. உறைய வைத்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1992இல் உறைய வைத்த கருக்களிலிருந்து அமெரிக்காவில் 2022இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். இப்போது செய்யும் விட்ரிஃபிகேஷன் முறையில் கரு மிக வேகமாக உறைந்துவிடுவதால் உள்ளே பனிப் படிகம் உண்டாவதில்லை. பத்தில் ஒன்பதுக்கு மேல் உருக்கும்போது பிழைத்துவிடுகின்றன. ஆக எங்களை யாரும் விரட்டவில்லை. இன்னொரு பக்கம், பிழைத்த கரு எல்லாம் குழந்தையாகிவிடாது என்பதையும் எம்பிரியாலஜிஸ்ட் ஒளிக்காமல் சொன்னார். எங்கள் மூன்றில் ஒன்றின் தரம் நன்றாக இருந்தது. மற்ற இரண்டும் சுமார். மூன்று பிள்ளைகள் அங்கே காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த கணவர், திரும்பி வரும் வழியில் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நான் நினைச்சது வேற" என்றார்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டோம். மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி 2006இல் வந்தது. மற்றபடி நாம் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம்தான் பேசும். ஒவ்வொரு நாட்டிலும் கணக்கு வேறு: இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 10 ஆண்டுகள்தான் வைத்திருக்கலாம், பிரிட்டனில் 2022 ஜூலையிலிருந்து, இடையிடையே ஒப்புதலைப் புதுப்பித்தால் 55 ஆண்டுகள் வரை. தமிழ்நாட்டில் சிகிச்சை செய்துவிட்டு இங்கே வந்து வாழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக் கெடுதான்.

இனி, எங்கள் முன்னால் இருந்த வழிகள்.

இன்னொரு பிள்ளை பெறுவது முதல் வழி. கணவரின் ஆசை இதுதான். என் முதல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, காலெல்லாம் வீங்கி, பிரிஎக்லம்ப்சியா என்று சொல்லி நாள் நிறைவதற்கு முன்பே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். அங்கே தாதியர் அவளைத் தாங்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டர். உறைய வைத்த கருவை, ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கர்ப்பப்பையைத் தயார் செய்து வைக்கும்போது ரத்த அழுத்தப் பிரச்சினை சற்று அதிகமாக வருவதாக ஆய்வுகள் காட்டுவதையும் சொன்னார். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கருவின் வயது, உறைய வைத்த நாளோடு நின்றுவிடுகிறது. சுமக்கிற உடம்பின் வயது நிற்பதில்லை. நாற்பதைத் தாண்டிய நான் அந்த ஆபத்தை மறுபடி எடுக்கத் தயாராக இல்லை. இதைச் சொல்ல எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. இருக்கிற மகளுக்கு அம்மா வேண்டும்.

இன்னொரு தம்பதிக்குக் கொடுப்பது இரண்டாம் வழி. இதுதான் என் ஆசை. அந்தக் காத்திருப்பு அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் நான். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அவர்களில் ஒருத்திக்காவது கொடுக்க முடிந்தால் என்று மனம் அடித்துக்கொண்டது. விசாரித்தேன். கொடுப்பவர்களுக்கு எச்ஐவி, ஹெப்படைடிஸ், சிபிலிஸ் ரத்தச் சோதனை உண்டு, பரம்பரை நோய் விவரம் கேட்பார்கள். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. அதற்கு அப்பால் இருந்தவைதான் பெரிய விஷயம். பிறக்கிற பிள்ளை என் மகளுக்கு ஒரே தாய் தகப்பன் வழிப் பிறப்பு. சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், ஈப்போ என்று நம் ஆட்கள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இந்த வட்டத்துக்குள்தான். பெயரை மறைத்துக் கொடுத்தால், நாளைக்கு யார் யாரைச் சந்திப்பார்கள் என்று எப்படித் தெரியும்? பெயர் சொல்லிக் கொடுத்தால், இந்தச் சின்ன ஊரில் இரண்டு குடும்பமும் எப்படி வாழும்? எச்சிலைத் துப்பி அனுப்பினால் உறவைக் கண்டுபிடித்துச் சொல்லும் டிஎன்ஏ சோதனை வந்துவிட்ட காலத்தில், ரகசியம் காலத்துக்கும் நிற்கும் என்று எந்த மையமும் உறுதி தர முடியாது. பெற்றோர் யார் என்பதைச் சொல்லத் தனிச் சட்டமும் இல்லாததால், கொடுக்க நினைப்பவர்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கொடுப்பது மிக உயர்ந்த காரியம் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தன் பிறப்பைத் தெரிந்துகொள்ளும் வழி திறந்திருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்களால் அந்த வழியைத் திறந்து வைக்க முடியவில்லை.

ஆய்வகப் பயிற்சிக்குக் கொடுப்பது இன்னொன்று. புதிதாக வருபவர்கள் உருக்கிப் பழக, கருவைக் கையாளப் பழக இவை தேவைப்படுகின்றன. கணவருக்கு இது ஒப்பவே இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. கர்ப்பம் தங்காத நாளாகப் பார்த்துக் கருவை உடம்புக்குள்ளேயே வைத்து விட்டுவிடும் முறையும் உண்டு. சில நாடுகளில் சில பெண்கள் இதைக் கேட்கிறார்கள். எங்கள் மையத்தில் செய்வதில்லை.

ஆக கணவர் விரும்பியதை நான் ஒப்பவில்லை, நான் விரும்பியதை அவர் ஒப்பவில்லை. மாதக்கணக்கில் அப்படியே நின்றது. மையத்தில் ஆலோசனை சொல்லும் மூத்த தாதி ஒருவர் இருந்தார். அவர் எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எதைத் தாங்கவே முடியாது என்று ஆளுக்கொரு தாளில், பக்கத்தில் பார்க்காமல் எழுதச் சொன்னார். நான் எழுதியது: இன்னொரு கர்ப்பம். கணவர் எழுதியது: நம் ரத்தம் ஒரு வீட்டில் வளர, அது எந்த வீடு என்று தெரியாமல் இருப்பது. இரண்டு தாளிலும் இருந்த ஒன்று: நாம் இரண்டு பேரும் இல்லாமல் போய், வேறு யாராவது முடிவெடுப்பது. அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மிச்சமிருந்தது ஒரு வழிதான். உருக்கி விட்டுவிடுவது. இரண்டு பேருமே ஆசைப்பட்டு எடுத்த முடிவு இல்லை அது. இரண்டு பேராலும் தாங்க முடிந்த முடிவு.

குடும்பத்தில் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லியிருந்தால் ஆண் பிள்ளைப் பேச்சு வந்திருக்கும்; அவர் மேல் கோபமில்லை, அவர் வளர்ந்த காலம் அப்படி. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். லயத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன் ஒடம்பு உனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை சம்மதிச்சாரா, அத மட்டும் பாத்துக்க" என்றார்.

கையெழுத்துக்கு இருவரும் அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் போய்ச் செய்ய முடியாது, முடியவும் கூடாது. என்ன செய்வார்கள் என்று எம்பிரியாலஜிஸ்டிடம் கேட்டேன். தெரியாமல் இருப்பது எனக்குக் கூடுதல் வேதனை. குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து, வளர்வதற்கான திரவம் எதிலும் போடாமல் அறைச் சூட்டில் வைத்துவிடுவார்கள். சீக்கிரமே செல்கள் செயலிழந்துவிடும். பிறகு மருத்துவக் கழிவோடு சேரும். சில தம்பதிகள் குழாயைக் கேட்டு வாங்கிப் புதைப்பதும் உண்டு என்றார். நாள் எப்போது என்று தெரிய வேண்டுமா என்றும் கேட்டார். ஆமாம் என்றோம்.

அந்த நாளைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொண்டேன். இதைச் செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய மாதிரி வைக்காதீர்கள். அறிவால் எல்லாம் தெளிந்திருந்தும் நான் அழுதேன். கணவர் காலையில் கோயிலுக்குப் போய் மகள் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார், வந்து அவரும் அழுதார். அதற்குப் பிறகும் சில வாரம் மனசு கனத்துத்தான் இருந்தது. முடிவு தப்பு என்பதால் வந்த அழுகை இல்லை அது. குடும்பம் இவ்வளவுதான், இனி வளராது என்பது அன்றோடு உறுதியானது, அதற்கான அழுகை.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். சிகிச்சை தொடங்கப்போகிறவர்கள் படிவத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள்: ஒருவர் இறந்தால் என்ன, பிரிந்தால் என்ன, கட்டணம் நின்றால் என்ன. பிரிட்டனில் நாட்டலி எவன்ஸ் என்ற பெண் புற்றுநோய் சிகிச்சைக்கு முன் ஆறு கருக்களை உறைய வைத்திருந்தார். துணைவர் பிரிந்துபோய் ஒப்புதலை விலக்கிக்கொண்டதால் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007இல் தோற்றார். நம் நாட்டுச் சட்டம் அது இல்லை. ஆனாலும் சண்டை இல்லாத காலத்திலேயே இதைப் பேசிவிடுங்கள். எத்தனை முட்டைகளைக் கருவாக்குவது என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசலாம். கரு மீதமாவதே வேண்டாம் என்று நம்புகிறவர்கள் குறைவாக ஆக்கச் சொல்லலாம், முட்டைகளாகவே உறைய வைக்கச் சொல்லலாம். வாய்ப்பு குறையலாம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

பணத்துக்கு, ஊழியர் சேமநிதியில் இப்போது செஜாத்ரா கணக்கு என்று சொல்லப்படும் பகுதியிலிருந்து ஐவிஎஃப் சிகிச்சைக்கு எடுக்க முடியும். வருமான வரியிலும் கல்யாணமானவர்களின் குழந்தைப்பேறு சிகிச்சை, மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவுக்குள் வருகிறது; 2023ஆம் வரியாண்டிலிருந்து அந்தக் கழிவின் உச்சம் 10,000 வெள்ளி. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் முடிவுக்கு மாறாக வேறு முடிவெடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். ஒரு தோழி கடைசியாக இருந்த கருவைக் கர்ப்பப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் பையன் இப்போது தடிகா (பாலர் பள்ளி) போகிறான். நான் சொன்ன கத்தோலிக்கத் தோழியும் ஐவிஎஃப் செய்துகொண்டவள்தான்; இன்னும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகிறாள், மனக்குறை இல்லாமல் கட்டுகிறாள். இரண்டும் சரிதான் என்று நினைக்கிறேன். கணவன் மனைவிக்குள் ஒத்துவராதவரை மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னும் ஒரு வருஷக் கட்டணம் கட்டுங்கள், பேசுங்கள். எதில் கையெழுத்துப் போட்டாலும் அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.